கூப்பிட்டால் திரும்பாத வெள்ளை நாய்! திமிரா, செவிடா? துப்புத் துலக்க உதவும் 2 ஸ்பூன் ரத்தம்!

தியாகதுருகம்:-

"டேய் மணி! வாடா இங்கே!"

எஜமானர் தொண்டை கிழியக் கத்துகிறார். மணி திரும்பிப் பார்க்கவில்லை. ரோட்டின் நடுவில் நின்று எதையோ மோந்து பார்த்துக்கொண்டு இருக்கிறது. பின்னால் லாரி ஆரன் அடிக்கிறது. அப்போதும் அசையவில்லை. டிரைவர் பிரேக் போட்டு, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, நாயையும் நாய்க்காரரையும் சேர்த்துத் திட்டிவிட்டுப் போகிறார்.

"இதுக்குத் திமிரு ஜாஸ்திங்க. சாப்பாட்டுத் தட்டைக் காட்டினா ஓடி வருது. கூப்பிட்டா மட்டும் காது கேக்காத மாதிரி நடிக்குது" என்று எஜமானர் சொல்கிறார். வீட்டுக்குப் போனதும் மணிக்கு நாலு அடி விழுகிறது.

மணி நடிக்கவில்லை. அதற்கு நிஜமாகவே காது கேட்காது. பிறந்த மூன்றாவது, நாலாவது வாரத்திலேயே அது செவிடாகிவிட்டது. சாப்பாட்டுத் தட்டு கண்ணுக்குத் தெரிந்தது, வந்தது. குரல் கண்ணுக்குத் தெரியாதே!

தியாகதுருகம் கடைத்தெருவிலும் நடக்கலாம், கள்ளக்குறிச்சியிலும் நடக்கலாம். வெள்ளை நாய் வளர்க்கிற எந்த ஊரிலும் நடக்கக்கூடிய காட்சிதான் இது. சேலம்-உளுந்தூர்பேட்டை ரோட்டில் ராத்திரி பகலாக வண்டி ஓடுகிற இந்தப் பக்கத்தில், காது கேட்காத நாய்க்கு ஆயுசு கெட்டி என்று சொல்ல முடியாது.

இந்தச் செவிடு எங்கிருந்து வருகிறது? யார் கொடுத்தது? அப்பன் நாயா, ஆத்தா நாயா? அடுத்த ஈத்தில் வராமல் தடுக்க முடியுமா?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடி, உலகம் முழுவதும் நாய் வளர்ப்போர் தங்கள் நாயின் ரத்தத்தையும் எச்சிலையும் விஞ்ஞானிகளுக்குக் கொடுத்து வருகிறார்கள். அதில் வெளிவந்திருக்கும் விவரங்கள் துப்பறியும் கதைக்குச் சற்றும் குறைந்தவை அல்ல.

அழகுக்கு வந்த ஆபத்து

தமிழ்நாட்டில் வெள்ளை நாய் என்றால் ராஜபாளையம் நாய்தான். பால் போல வெள்ளை, ரோஸ் நிற மூக்கு, ஒட்டிய வயிறு, நீண்ட கால். காவலுக்கும் காட்டுப் பன்றி வேட்டைக்கும் பெயர் போன சாதி. 2005-ம் ஆண்டு ஜனவரி 9-ந்தேதி இந்திய தபால் துறை நான்கு நாட்டு நாய்களுக்கு ஸ்டாம்ப் வெளியிட்டது. அதில் தமிழ்நாட்டில் இருந்து இடம் பிடித்தது ராஜபாளையம். பிறகு அரியானா மாநிலம் கர்னாலில் உள்ள மத்திய அரசின் கால்நடை மரபு வள நிறுவனம், ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் தனி இனங்களாகப் பதிவு செய்துகொண்டது.

இத்தனை பெருமை உள்ள இந்த இனத்தில் சில குட்டிகள் செவிடாகப் பிறக்கின்றன என்பது வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் வெளியே பேசமாட்டார்கள். பேசினால் வியாபாரம் படுத்துவிடும்!

வெள்ளைக்கும் செவிடுக்கும் என்ன சம்பந்தம்?

காதுக்கு உள்ளே, எலும்புக்குள் புதைந்து, நத்தைக் கூடு போல ஒரு சின்னச் சுருள் இருக்கிறது. சத்தத்தைப் பிடிக்கும் நுண்ணிய முடிகள் அங்கேதான் உள்ளன. அந்த முடிகள் ஒருவகைத் திரவத்தில் நனைந்தபடி இருக்க வேண்டும். அதில் பொட்டாசியம் என்ற உப்பு அதிகம். அந்த உப்பைக் குறையாமல் பார்த்துக்கொள்ளும் வேலையைச் செய்வது, நிறம் கொடுக்கும் செல்கள். தோலுக்கும் முடிக்கும் கறுப்பு, செம்பழுப்பு கொடுக்கிற அதே செல்கள்தான்!

வெள்ளை நாய்க்கு, தாய் வயிற்றில் இருக்கும்போதே இந்த நிறச் செல்கள் உடம்பு முழுவதும் போய்ச் சேராமல் நின்றுவிடுகின்றன. முதுகுத் தோலுக்குப் போகாவிட்டால் நஷ்டம் இல்லை, முடி வெள்ளையாக வளரும். காதுச் சுருளுக்கும் போகாவிட்டால்தான் வினை. திரவம் கெட்டு, முடிகள் செத்துவிடும். செத்தது செத்ததுதான். எந்த மருந்தும் அதைத் திருப்பிக் கொண்டுவராது.

வெள்ளை நாய் எல்லாம் செவிடு என்று நினைத்துவிடக் கூடாது. மேலே வெள்ளையாக இருந்தாலும் காதுக்கு உள்ளே நிறச் செல் போய்ச் சேர்ந்துவிட்டால் அந்த நாய்க்கு எறும்பு ஊர்வதுகூடக் கேட்கும். அந்தக் குட்டிக்குப் போய்ச் சேர்ந்ததா, இல்லையா என்பதை வெளியில் இருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அங்கேதான் சிக்கல்.

மனிதனுக்கும் இதேபோல ஒரு கோளாறு உண்டு. நெற்றியில் ஒரு கற்றை வெள்ளை முடி, நீலக் கண், பிறவிச் செவிடு என்று மூன்றும் சேர்ந்து வரும். ஆலந்து நாட்டு டாக்டர் வார்டன்பர்க் 1951-ல் இதை விவரித்து எழுதினார். அவர் பெயரிலேயே அந்த வியாதி வழங்கி வருகிறது. நாய்க்கும் மனிதனுக்கும் காதுக்குள் நடப்பது ஒரே கூத்துதான்.

ஊரை ஏமாற்றும் ஒற்றைக் காது

இரண்டு காதும் கேட்காத குட்டியைக் கொஞ்ச நாளில் கண்டுபிடித்துவிடலாம். தாய் வந்ததும் மற்ற குட்டிகள் எழுந்து ஓடும், இது தூங்கிக்கொண்டே இருக்கும். விளையாட்டில் மற்ற குட்டியைக் கடிக்கும், அது கத்தினாலும் விடாது.

ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இருக்கிறதே, அதுதான் பலே பேர்வழி!

கூப்பிட்டால் வரும். சாவிக் கொத்தைக் குலுக்கினால் திரும்பும். கொஞ்சம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தேடிவிட்டுத் திரும்பும், அவ்வளவுதான். "நல்ல குட்டி, சுத்தமான ரத்தம்" என்று விலை பேசி விற்றுவிடுவார்கள். வாங்கியவருக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது. வளர்ந்து கடுவன் நாயானதும் நாலு ஊர்ப் பொட்டை நாய்களோடு இணை சேர்ப்பார்கள். செவிடு நாலு ஊருக்கும் பரவும்.

இது வெறும் யூகம் அல்ல. அமெரிக்காவில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்ட்ரெய்ன் என்ற விஞ்ஞானி, வெள்ளையில் கறுப்புப் புள்ளி போட்ட டால்மேஷன் நாய்களின் காதுகளை ஆயிரக் கணக்கில் சோதித்த முடிவுகளைத் திரட்டினார். 100 நாய்களில் சுமார் 8 நாய்களுக்கு இரண்டு காதும் அவுட். சுமார் 22 நாய்களுக்கு ஒரு காது அவுட்!

எட்டுதான் கண்ணுக்குத் தெரிந்தது. இருபத்திரண்டு ஒளிந்துகொண்டு இருந்தது. அப்பன் ஆத்தாவில் ஒன்றுக்கு ஒரு காது கேட்காவிட்டாலும் குட்டிகள் செவிடாகப் பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதும் தெரியவந்தது. நீலக் கண் உள்ளவற்றில் செவிடு அதிகம் என்பதும் தெரிந்தது.

ஒற்றைக் காதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு வழிதான் உண்டு. தலைத் தோலில் மெல்லிய ஊசிக் கம்பிகளைச் செருகி, ஒவ்வொரு காதிலும் தனித்தனியாக 'டிக் டிக்' என்று சத்தம் கொடுப்பார்கள். சத்தம் மூளைக்குப் போனால் கம்ப்யூட்டரில் அலை அலையாகக் கோடு விழும். போகாவிட்டால் சப்பையாக ஒரே கோடு. சில நிமிட வேலை. குட்டிக்கு 5 வாரம் ஆனாலே செய்துவிடலாம்.

நாய்க் குட்டிகளை 8 வாரம் ஆவதற்கு முன்னால் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2017-ல் விதி போட்டிருக்கிறது. காதைச் சோதிக்க 5 வாரம் போதும். இடையில் முழுசாக 3 வாரம் இருக்கிறது. மனசு இருந்தால் நேரம் இருக்கிறது!

மறைத்தால் யாருக்கு நஷ்டம்?

செவிட்டுக் குட்டி பிறந்தால் என்ன செய்கிறார்கள்? சிலர் காதும் காதும் வைத்தாற்போல் தீர்த்துவிடுகிறார்கள். சிலர் பஸ் ஏறிப் போய் வேறு ஊர்ச் சந்தைப் பக்கம் விட்டுவிட்டு வருகிறார்கள். சிலர் ஒன்றும் சொல்லாமல் விற்றுவிடுகிறார்கள். "ஈத்துல ஆறு குட்டி. எல்லாம் முத்து முத்தா இருக்குது" என்பார்கள். ஏழாவது குட்டியைப் பற்றிப் பேச்சே இருக்காது.

அந்த ஏழாவது குட்டிதான் விஞ்ஞானிக்குத் தேவைப்படுகிற சாட்சி. சாட்சியைக் கொன்றுவிட்டால் வழக்கு நிற்குமா?

பரம்பரை வியாதி என்பது மரபணுவில், அதாவது ஜீனில் எழுதப்பட்டிருக்கிறது. நாயின் ஒவ்வொரு செல்லிலும் 39 ஜோடி குரோமோசோம்கள். அதில் சுமார் 240 கோடி எழுத்துகள். 2005-ல் டாஷா என்ற பாக்சர் சாதிப் பெண் நாயின் எழுத்துகளைப் படித்து முடித்து வெளியிட்டார்கள். ஆனால் புத்தகம் கையில் இருந்தால் போதுமா? எழுத்துப் பிழை எந்தப் பக்கத்தில், எந்த வரியில் என்று தெரிய வேண்டாமா?

அதற்குத்தான் வியாதி உள்ள நாயின் ரத்தமும், வியாதி இல்லாத நாயின் ரத்தமும் வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எங்கே வித்தியாசம் என்பது பிடிபடும்.

இருபதே நாய்கள்!

எத்தனை நாய் வேண்டும்? ஆயிரமா, பத்தாயிரமா?

இதில்தான் ஆச்சரியம். பாக்சர் நாய்களில் சில முழு வெள்ளையாகப் பிறக்கும். ஏன் என்று கண்டுபிடிக்க, வெள்ளையும் கலரும் சேர்த்துச் சுமார் 20 நாய்களின் மாதிரிதான் எடுத்தார்கள். 'எம்.ஐ.டி.எப்.' என்ற ஜீன் மாட்டிக்கொண்டது. 2007-ல் உலகத்துக்கு அறிவித்தார்கள். மனிதனுக்கு வரும் வார்டன்பர்க் வியாதியில் ஒரு வகையும் இதே ஜீன் கெடுவதால் வருவதுதான்.

இருபதே நாயில் எப்படி முடிந்தது? சாதி நாய்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று சொந்தம். தலைமுறை தலைமுறையாக அதற்குள்ளேயே இணை சேர்த்து வந்ததால், ஜீன் புத்தகத்தின் பெரும்பகுதி எல்லா நாய்க்கும் ஒரே மாதிரி இருக்கும். வித்தியாசம் சில இடங்களில்தான். ஒரே குடும்பத்துக்குள் திருடனைத் தேடுவது போல. ஊர் முழுக்கத் தேடுவதை விட அது சுலபம்.

ஆனால் எல்லா வியாதியும் இப்படிச் சுலபமாக மாட்டுவது இல்லை. டால்மேஷன் செவிட்டுக்கு இன்னும் ரத்தப் பரிசோதனை வரவில்லை. அதில் பல ஜீன்கள் கூட்டுச் சதி செய்கின்றன. அப்படிப்பட்ட வழக்கில் இருபது சாட்சி போதாது, நூற்றுக் கணக்கில் வேண்டும். ஆளுக்கு ஒன்று இரண்டாக நாய்க்காரர்கள் கொடுத்தால்தான் உண்டு.

தூங்கி விழுந்த டாபர்மேன்

நாய்க்காரர்கள் கொடுத்ததால் நடந்த அதிசயங்கள் உண்டு.

டாபர்மேன் நாய்களில் சில, சோற்றைக் கண்டால் சந்தோஷத்தில் பொத்தென்று கீழே விழுந்துவிடும். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து சாப்பிடும். மறுபடி விழும். பார்ப்பதற்குச் சிரிப்பாக இருக்கும், நாய்க்கு அவஸ்தை. மனிதர்களிலும் இந்த வியாதி இருக்கிறது. சிரித்தால் விழுவார்கள், பேசிக்கொண்டு இருக்கும்போதே தூங்குவார்கள். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் 1970-களில் இருந்து இப்படிப்பட்ட நாய்களை வைத்து ஆராய்ந்தார்கள். எம்மானுவல் மிக்னோ என்ற டாக்டரின் குழு சுமார் பத்து வருடம் தேடி, 1999-ல் ஜீனைப் பிடித்தது. மூளையை விழிப்பாக வைத்திருக்கும் ஹைப்போகிரெட்டின் என்ற பொருளைப் பற்றியது அது. அடுத்த வருடமே, இந்த வியாதி உள்ள மனிதர்களின் மூளையிலும் அதே பொருள் குறைந்திருப்பது தெரிந்தது. பல வருடமாக "சோம்பேறி" என்று திட்டு வாங்கியவர்களுக்கு நாய் வந்து சாட்சி சொன்னது!

இன்னொரு கதை கண்ணைப் பற்றியது. பிரியார்டு என்ற பிரெஞ்சு மேய்ச்சல் நாய்களில் சில பிறவிக் குருடு. காரணம் ஒரு ஜீனில் பிழை. லான்சிலாட் என்ற குருட்டு நாயின் கண்ணுக்குள் நல்ல ஜீனை ஊசி மூலம் செலுத்தினார்கள். அதற்குப் பார்வை வந்தது! 2001-ல் இந்தச் செய்தி வெளியாகிப் பரபரப்பை ஏற்படுத்தியது. அதே ஜீன் கெட்டுப் பார்வை இழக்கும் குழந்தைகளுக்கு அதே முறையில் சிகிச்சை செய்ய 2017 டிசம்பரில் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது.

புற்றுநோய்க்காகவும் ஒரு பெரிய வேலை நடக்கிறது. அமெரிக்காவில் மாரிஸ் என்ற விலங்கு நல அறக்கட்டளை 2012 முதல் 2015 வரை 3 ஆயிரத்து 44 கோல்டன் ரிட்ரீவர் நாய்களைப் பெயர் எழுதிக்கொண்டது. எல்லாம் வீட்டில் வளரும் நாய்கள். சொந்தக்காரர்கள் வருடா வருடம் ரத்தம், சிறுநீர், சாணம், முடி, நகத்துண்டு வரை கொடுத்தார்கள். நாய் என்ன தின்றது, எங்கே படுத்தது, எந்தக் குளத்தில் நீந்தியது என்பதற்குக்கூடக் கணக்கு!

சாயங்காலம் முட்டிக்கொள்ளும் லாப்ரடார்

ராஜபாளையம் இல்லாத வீட்டுக்காரர்கள், "நமக்கு என்ன?" என்று இருந்துவிட முடியாது. இப்போது தாலுகா தலைநகர்களில்கூட லாப்ரடார் வந்துவிட்டது. இந்தச் சாதியில் ஒரு பரம்பரைக் கண் நோய் இருக்கிறது. பகலில் நன்றாக நடக்கும் நாய், சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் திண்ணையில் முட்டிக்கொள்ளும். படி இறங்கப் பயப்படும். கொஞ்ச காலத்தில் பகலிலும் தெரியாமல் போய்விடும்.

இதற்குக் காரணமான ஜீன் பிழையை 2006-ல் கண்டுபிடித்துவிட்டார்கள். ரத்தமோ எச்சிலோ கொடுத்தால் சொல்லிவிடலாம்.

இது எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு ஜீனும் இரண்டு பிரதி. அப்பனிடம் இருந்து ஒன்று, ஆத்தாவிடம் இருந்து ஒன்று. இரண்டும் கெட்டிருந்தால்தான் குருடு. ஒன்று மட்டும் கெட்டிருந்தால் நாய் கடைசிவரை நன்றாக இருக்கும், ஆனால் கெட்டதை மடியில் கட்டிக்கொண்டு திரியும். அப்படி இரண்டு நாய்கள் இணை சேர்ந்தால், சராசரியாக நாலு குட்டியில் ஒன்று குருடு. சொந்தத்துக்குள்ளேயே பெண் எடுத்துப் பெண் கொடுக்கும் குடும்பங்களில் சில வியாதிகள் திரும்பத் திரும்ப வருவதற்கும் இதே கணக்குதான்.

முன்பெல்லாம் இதைக் கண்டுபிடிக்க என்ன பாடு! 1940-களில் பிரிட்டனில் ஐரிஷ் செட்டர் நாய்களுக்கு இப்படி ஒரு கண் நோய் வந்தது. சந்தேகப்பட்ட நாயை, வேண்டுமென்றே ஒரு குருட்டு நாயோடு இணை சேர்ப்பார்கள். குட்டிகள் பிறந்து வளர்ந்து குருடாகிறதா என்று மாதக் கணக்கில் காத்திருப்பார்கள். ஒரு குட்டி குருடானாலும் சந்தேகம் நிஜம். 1993-ல் அந்த நோயின் ஜீன் பிடிபட்டது. அதற்குப் பிறகு துளி ரத்தத்தில் விஷயம் முடிந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கெட்ட பிரதி ஒன்று இருக்கிறது என்று தெரிந்ததும் அந்த நாயை ஒதுக்கித் தள்ளிவிடத் தேவை இல்லை. சுத்தமான நாயோடு சேர்த்தால் ஒரு குட்டிகூடக் குருடாகாது. நாட்டு நாய் இனங்களின் எண்ணிக்கை ஏற்கனவே குறைவு. இருப்பதிலும் பாதியை ஒதுக்கினால், மிச்சம் இருப்பது இன்னும் நெருங்கிய சொந்தமாகிவிடும். வேறொரு வியாதி தலை தூக்கும். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்.

"என்னத்துக்குங்க ஊசி?"

மாதிரி கொடுப்பது என்றதும் நாய்க்காரர்கள் பயப்படுகிறார்கள்.

"டாக்டர் சார், நல்லா இருக்கிற நாய்க்கு என்னத்துக்குங்க ஊசி?" என்று கேட்பார்கள்.

நல்லா இருக்கிற நாயும் வேண்டும் என்பதுதான் விஷயமே. வியாதி நாயை ஒப்பிட்டுப் பார்க்க ஆள் வேண்டாமா? அதிலும் வயதான, நோய் நொடி இல்லாத நாய் கிடைத்தால் ஆராய்ச்சிக்காரர்களுக்குப் பொக்கிஷம்.

எடுப்பதும் கஷ்டம் இல்லை. முன்னங்காலில் ஒரு நரம்பு. பொதுவாக 2 முதல் 5 மில்லி வரை ரத்தம். டீ ஸ்பூனால் அளந்தால் ஒரு ஸ்பூனுக்குள் அடங்கும், பெரிய சோதனை என்றால் இரண்டு ஸ்பூன். ஊதா மூடி போட்ட குழாயில் விட்டு மெதுவாக ஆட்டுவார்கள், ரத்தம் உறையாமல் இருக்க. ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்புவார்கள்.

ஊசியே வேண்டாம் என்றால், பஞ்சு சுற்றிய குச்சியைக் கன்னத்தின் உள்பக்கம் வைத்துத் தேய்த்து எடுக்கலாம். இதில் ஒரு ஜாக்கிரதை வேண்டும். பால் குடிக்கிற குட்டியின் வாயில் தாயின் செல்களும் ஒட்டிக்கொண்டு இருக்கும். அப்படியே எடுத்தால் குட்டியின் கணக்கில் தாயின் கணக்கு கலந்துவிடும். கொஞ்ச நேரம் குட்டியைத் தனியாக வைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். இரண்டு நாய்கள் ஒரே தட்டில் தின்றாலும் அதே தகராறுதான்.

ரத்தத்தைவிட முக்கியமானது ஒன்று உண்டு. அதுதான் ஜாதகம்! நாயின் வயது, நிறம், கண் நிறம், அப்பன் எது, ஆத்தா எது, கூடப் பிறந்தவை எத்தனை, அதில் எத்தனை செத்தன, எத்தனைக்குக் குறை என்பதை உண்மையாக எழுதிக் கொடுக்க வேண்டும். "ஆறு குட்டி, எல்லாம் முத்து" என்று எழுதினால் ரத்தம் கொடுத்தும் பிரயோசனம் இல்லை. பொய் ஜாதகத்துக்கு எந்த ஜோசியரும் பலன் சொல்ல முடியாது.

எழுதிக் கொடுத்தால் ஊரெல்லாம் தெரிந்துவிடுமே என்பது அடுத்த பயம். முறையான ஆராய்ச்சியில் நாய்க்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். கையெழுத்து வாங்கும் தாளில், மாதிரியை எதற்குப் பயன்படுத்துவார்கள், முடிவைச் சொல்வார்களா மாட்டார்களா என்று எழுதியிருக்கும். அதைப் படித்துப் பார்த்துவிட்டு, அல்லது படிக்கத் தெரிந்த பையனை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும்.

"கொடுத்தா நம்ம நாய்க்குக் காது வந்துடுமா?"

வராது. இதில் ஒளிவு மறைவு வேண்டாம். மணிக்குக் காது கேட்கப்போவது இல்லை. முடிவு வரவே வருடக் கணக்கில் ஆகலாம். பெரும்பாலும் பணமும் கிடைக்காது. லாபம், மணியின் சாதியில் இனிமேல் பிறக்கப்போகிற குட்டிகளுக்குத்தான்.

கல்வராயன் மலை நாயும் வேண்டும்

தியாகதுருகத்தில் வாரச்சந்தை அன்று ஆடு பிடித்துக்கொண்டு வருபவர்களுக்குப் பின்னாலேயே நாயும் வரும். கல்வராயன் மலையில் இருந்து இறங்கி வருகிறவர்கள் வீட்டிலும் நாய் இருக்கும். ஆட்டுப் பட்டிக்கும் பன்றி இறங்கும் கொல்லைக்கும் அதுதான் காவல். "இது என்ன சாதி?" என்று கேட்டால் சிரிப்பார்கள். "நாய் சாதிங்க!"

பெயர் இல்லாத இந்த நாய்களுக்கும் ஆராய்ச்சியில் மரியாதை உண்டு. ஒரே சொந்தத்துக்குள் அடைபடாமல் பல வழியில் கலந்து வந்ததால், இவற்றின் ஜீனில் வகை அதிகம். சாதி நாய்களில் எது தொலைந்தது, எது பெருத்தது என்று ஒப்பிட இவைதான் உரைகல்.

இந்தப் பகுதியில் உள்ளவர்கள் ரொம்பத் தூரம் போக வேண்டியது இல்லை. முதலில் உள்ளூர்க் கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரிடம் விசாரிக்கலாம். சேலம் போகிற ரோட்டிலேயே தலைவாசலில் 2021-ல் திறக்கப்பட்ட அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாமக்கல்லிலும், சென்னை வேப்பேரியிலும் கல்லூரிகள் உள்ளன. வேப்பேரி கல்லூரி 1903-ல் தொடங்கியது. எல்லாம் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. எந்தச் சமயத்தில் எந்த ஆராய்ச்சி நடக்கிறது, எந்த இன நாயின் மாதிரி தேவை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போனால் பஸ் காசு வீணாகாது. கேட்காமல் வீட்டிலேயே ரத்தம் எடுத்துக்கொண்டு ஓடக் கூடாது!

மணியை என்ன செய்வது?

இனி மணியிடம் வருவோம். செவிடு என்று தெரிந்துவிட்டது. விரட்டிவிடுவதா?

தேவையே இல்லை. செவிட்டு நாய்க்கு மூக்கும் கண்ணும் முழுசாக இருக்கிறது. கையசைத்தால் புரிந்துகொள்ளும். உள்ளங்கையைத் தாழ்த்தினால் உட்கார், நெஞ்சில் தட்டினால் வா என்று இரண்டு வாரம் சோற்றைக் காட்டிப் பழக்கினால் போதும். ராத்திரியில் டார்ச் அடித்துக் கூப்பிடலாம். தூங்கும்போது பின்னாலிருந்து தொடக் கூடாது, திடுக்கிட்டுக் கடித்துவிடும். தரையைக் காலால் தட்டினால் அதிர்ச்சி தெரிந்து எழுந்துகொள்ளும். சின்னப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவைக்க வேண்டும்.

ரோட்டுக்குக் கயிறு இல்லாமல் விடவே கூடாது. இணை சேர்க்கவும் கூடாது.

கடுவனோ பொட்டையோ, கருத்தடை செய்யக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற அன்றைக்கே, மாதிரி கேட்கும் ஆராய்ச்சி ஏதாவது இருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம். எப்படியும் ஊசி போடத்தான் போகிறார்கள், நாயும் மயக்கத்தில் இருக்கும். கையோடு ஒரு தாளில் மணியின் அப்பன், ஆத்தா, கூடப் பிறந்த ஏழு குட்டிகள் என்று எல்லாவற்றையும் எழுதி எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஆறு அல்ல, ஏழு.